மழை நுழையாத கட்டம்

மாங்கரையில் அந்த ஐப்பசி மழை கோயில் கோபுரத்தின் மீதும், கொல்லன் உலைக்கூரையின் மீதும், பேருந்து நிலையத்தில் அசைபோட்டபடி படுத்திருந்த மாட்டின் மீதும், வட்டாட்சியரின் ஜீப்பின் மீதும் வேறுபாடு பாராமல் பெய்தது என்றும், செண்பகவடிவின் மீது மட்டும் பெய்யவில்லை என்றும் சொன்னால், அந்த ஊர்க்காரர்கள் வியப்படைய மாட்டார்கள். அவள் அன்று எந்தத் தெருவில் நின்றாள் என்று மட்டும் கேட்பார்கள். அந்தத் தெருவில் காயப்போட அவர்களுக்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

செண்பகவடிவு பேருந்து நிலையச் சாலையில் முத்துமாலை கம்ப்யூட்டர்ஸ் என்ற கடையை நடத்திவந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று ஊரின் நல்லதும் கெட்டதும் அவளுடைய திரையில்தான் முதலில் உருவாயின. மாங்கரையில் யாருடைய தலை யாருடைய தலைக்கு மேலே இருக்கிறது என்பது சிறிய செய்தியன்று. தாய்மாமனின் படம் சித்தப்பாவின் படத்தைவிட ஒரு விரற்கடை இறங்கிவிட்டது என்பதற்காகப் பந்தியில் இலையை மடக்கிவிட்டு எழுந்தவர்கள் உண்டு. வடிவு அந்தத் தலைகளை எல்லாம் மவுஸால் பிடித்து, இழுத்து, இறக்கி, ஏற்றி, யாரும் யார்மீதும் குறை சொல்ல முடியாத இடத்தில் அமர்த்திவிடுவாள். அதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. படத்தை எழுத்தோடு எழுத்தாக விட்டால் அது எழுத்து இழுத்த இழுப்புக்குப் போகும். முன்னால் ஒரு சொல் கூடினால் பின்னால் தள்ளப்படும், வரி நிறைந்தால் கீழே விழும். எழுத்திலிருந்து பிரித்துவிட்டாலோ அது நினைத்த இடத்தில் நிற்கும். எழுத்துகள் நான்கு பக்கமும் ஒதுங்கி, மரியாதையான ஓர் இடைவெளி விட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போகும். ஆகவே எந்தப் படம் வந்தாலும் அவள் முதலில் செய்வது அதைப் பிரிப்பதுதான். அந்த வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது. பெருமை கொள்ளத்தக்க வேலையாகவும் அது இருந்தது.

அவளுடைய கணவன் தாணுமாலயன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, திரையில் உள்ளதைப் பிழை பார்ப்பதற்காக உரக்க வாசிப்பான். அவன் வாசிக்கும்போது அவனுடைய வேட்டியின் கரை அவள் முழங்கையில் உரசும். ஆனி மாதத்தில் ஒரு காய்ச்சலில் அவன் இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் வடிவு கடையைத் திறந்து, மேசையைத் துடைத்து, மின்விசிறியைச் சுழலவிட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு சீக்கிரமா என்று ஊர் முணுமுணுத்தது. அவள் அதைக் கேட்டாள், கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்று முதலில் வந்தது ஒரு கல்யாணப் பத்திரிகைக்காரக் குடும்பம். அவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். நல்ல காரியம், வெறும் நெற்றியோடு இருப்பவளின் முன் முதல் அடியை எப்படி வைப்பது என்று அவர்கள் தயங்கியது கண்ணிமைக்கும் நேரம்தான். அதன் பிறகு வெட்கப்பட்டு உள்ளே வரத்தான் முயன்றார்கள். ஆனால் கால்கள் வரவில்லை. பாலத்தூணை நெருங்கிய ஆற்றுநீர்போல அவர்கள் இடப்புறமும் வலப்புறமுமாகப் பிரிந்து, சுவரோரமாகவே நடந்து, அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒருவரையொருவர் மீண்டும் சந்தித்துக்கொண்டார்கள். அன்று மாலை வீடு திரும்புகையில் மழை பிடித்துக்கொண்டது. வடிவு குடையை விரிக்கப் போனபோது, தன்னைச் சுற்றிக் கையெட்டும் தூரத்துக்குத் தரை உலர்ந்து கிடப்பதையும், அந்த உலர்ந்த இடம் வட்டமாக இல்லாமல், அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நான்கு மூலைகளோடு இருப்பதையும், தான் நடந்தால் அதுவும் நடப்பதையும் கண்டாள்.

“இடைவெளி கொஞ்சம் கூடுதல்,” என்று, பிறருடைய வேலையை மதிப்பிடுகிறவளைப்போல அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் குடையை ஆணியில் மாட்டினாள்.

ஊர் அதைப் பழகிக்கொள்வதற்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. அசையாத பொருள்கள் அவளருகில் அசையாமல் இருந்தன. மேசை மேசையாகவும் சுவர் சுவராகவும் நின்றன. அசைபவை எல்லாம் ஒதுங்கின. மழை ஒதுங்கியது, புழுதி ஒதுங்கியது, தெருநாய் ஒதுங்கியது, மனிதர்கள் ஒதுங்கினார்கள். பேருந்தில் அவள் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் இருக்கைகள் தாமாகக் காலியாயின. மருத்துவர் வராந்தாவில் நின்றுகொண்டு, “நாடியை நீங்களே பிடிச்சு எண்ணிச் சொல்லுங்கம்மா,” என்றார்.

“கொசுகூட அண்டாதாம் வே,” என்றார் தேநீர்க்கடைப் பரமசிவம். “நமக்கெல்லாம் ஒரு நாள் அப்படி வாய்க்குமா?”

“ஒமக்கு எதுக்கு வே? கடன்காரன் அண்டாம இருந்தாப் போதாதா?” என்றது பெஞ்சு.

முதலில் துணிந்து கேட்டவள் அடுத்த வளவு வீட்டுப் பேச்சியம்மாள். தெருமுனையில் நின்று, “யக்கா, ஒரு எட்டு எங்க முத்தத்துல வந்து உக்காருதியளா? கூழ்வத்தல் போட்டிருக்கேன், மானம் இருட்டுது,” என்றாள். வடிவு சென்று உட்கார்ந்தாள். வற்றல் காய்ந்தது. பிறகு நெல் அவித்தவர்கள் அழைத்தார்கள்; பாய்க்குச் சாயமேற்றிய கோரையைக் காயப்போட்டவர்கள் அழைத்தார்கள்; செங்கல் சூளைச் சங்கரலிங்கம், தாமே கைவைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தம் களத்தின் நடுவே போட்டு, பச்சைச் செங்கல் அடுக்குகளுக்கு மத்தியில் அவளை அமரவைத்தார். கொடைவிழாவில் அம்மன் சப்பரத்துக்கு முன்னால் அவளை நடக்கவிட்டார்கள். கூட்டம் தானாக விலகியது, காவலர்கள் கடலை தின்றார்கள். மழை விழாத அவளுடைய கட்டத்துக்குள் பொருள்கள் மட்டுமே இருக்க முடிந்தது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளைத் தனியே கொண்டுபோய் வைத்த ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டம் சற்றுப் பெருத்தது. ஓர் அறை அளவுக்கு, ஒரு வீட்டு அளவுக்கு, ஒரு களத்து அளவுக்கு அது வளர்ந்தது; வளர வளர ஊருக்கு உதவியும் வளர்ந்தது.

ஊர் நன்றி மறக்கவில்லை. ஆடி முடிவில் சேலையும் பழத்தட்டும் கொண்டுவந்து கட்டத்தின் எல்லையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். பேருந்து நிலையத்தில் அவளுக்கு ஒரு பெரிய பிளெக்ஸ் வைத்தார்கள். அதை வடிவமைக்க வேறு ஆள் இல்லாததால் அவளே வடிவமைத்தாள்: நடுவில் அவள் முகம், சுற்றிலும் வெண்மை, வெகுதூரத்தில் ஊரின் வாழ்த்து. குற்றம் சொல்ல முடியாத வேலை.

ஆனால் அமாவாசை தோறும் அவள் தாணுமாலயனுக்காகச் சோறு வைத்தாள், காகங்கள் வரவில்லை. அவளுடைய சுவரை நெருங்குகையில் அவை காற்றில் வளைந்து வேறுபக்கம் போயின. ஆகவே சோற்றை மதில்மேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் நின்றாள். கட்டம் வளர்ந்தது, அடுத்த தெருவுக்குப் போய் நிற்க வேண்டியதாயிற்று. திரும்பி வரும்போது இலை காலியாக இருக்கும். தின்றது காகமா, ஆடா, பக்கத்து வீட்டுக் கோழியா என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. அதற்காக அவள் அழவில்லை. இலையை எடுத்து எறிந்துவிட்டு, மதிலைக் கழுவிவிட்டு, கடைக்குப் போனாள்.

புரட்டாசியில் அவளுடைய தங்கை சொர்ணம் வந்தாள். மகள் ஆவுடைச்செல்விக்குக் கல்யாணம் கூடியிருந்தது. ஆவுடை பள்ளிவிட்ட மாலைகளில் வடிவின் கடையில்தான் வளர்ந்தாள். முக்காலியில் ஏறி நின்று, மணமக்கள் தலைகளைத் திரையில் இடம்மாற்றி விளையாடி அடிவாங்கியவள். கல்யாணச் செய்தியைப் போனில் சொல்லக் கூடாது என்று சொர்ணம் நேரில் வந்தாள். நேரில் என்பது அப்போது ஒரு தெருவின் நீளமாக இருந்தது. ஆகவே அக்காளும் தங்கையும் பேசியதைப் பேருந்து நிலையம் முழுவதும் கேட்டது.

“யக்கா! மணவறையை வீட்டு வாசல்லயே போடுதோம்! மழை வரும்! நீ மொத நாளே வந்து மணவறை பக்கத்துல உக்காந்துக்கோ! பூவெல்லாம் நனையாம இருக்கும்!”

“சரி!”

“மாப்பிள்ளை வந்ததும் பின்வாசல் வழியா எழும்பிப் போயிரணும்!”

“சரி!”

சொர்ணம் சற்று நின்றாள். பேருந்துக்காகக் காத்திருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

“பத்திரிகையில ஒம் பேரு போட வேண்டாங்க்கா! ஒனக்குத் தெரியாததா!”

வடிவுக்குத் தெரியாததன்று. கணவனை இழந்த பெண்களின் பெயர்கள் கல்யாணப் பத்திரிகையில் வருவதில்லை. அப்படி வந்த பெயர்களை, வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே அவள்தான் எடுத்துவிடுவாள். “சரி!” என்று அவள் மூன்றாம் முறையும் கத்தினாள். கத்திச் சொன்னதால் அந்தச் சொல்லில் எந்த நடுக்கமும் தெரியவில்லை.

மறுநாள் திருநெல்வேலியிலிருந்து ஆவுடை போனில் அழைத்தாள்.

“பெரியம்மை, பேரெல்லாம் அடிச்சாச்சா?”

“ஆச்சு.”

“ஒம் பேரு?”

“அதுக்கு எடமில்ல.”

“ஒனக்கா எடமில்ல? ஊர்லயே கூடுதல் எடம் ஒனக்குத்தான இருக்கு!” ஆவுடை சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “சின்னப்பிள்ளையில ஒண்ணு கேட்டேன், நெனவு இருக்கா? ஒரு பேரை எடுத்துட்டா அது இருந்த எடம் எங்க போவும்னு.”

“மத்த பேரு நெருங்கி வந்து மூடிரும்னு சொன்னேன்.”

“மூடுன மாதிரி தெரியலயே பெரியம்மை. அந்த எடம் பூரா ஒன்னச் சுத்தித்தான நிக்குது.”

வடிவு போனை வைத்தாள். பிறகு பத்திரிகையைத் திறந்து, தன்னுடைய படத்தை எடுத்து, ஒரு கட்டத்தில் இட்டு, மேல் மூலையில் வைத்தாள். எழுத்துகள் விலகி வழிவிட்டன. கீழ் மூலைக்கு இழுத்தாள், விலகின. பிள்ளையாருக்கு அருகில் வைத்தாள். பிள்ளையாரின் காலடி எழுத்தும் விலகியது. எங்கே வைத்தாலும் அந்தப் படம் அழகாக நின்றது, தனியாக நின்றது. கடைசியில் அவள் படத்தை அழித்தாள். பெயர்வரிசையின் நடுவே, சொர்ணத்தின் கொழுந்தனுக்கும் மணமகளின் அத்தைக்கும் இடையில், கர்சரைக் கொண்டுபோய் வைத்து, ஒரு காற்புள்ளி இட்டு, மணமகளின் பெரியம்மா செண்பகவடிவு தாணுமாலயன் என்று தட்டினாள். வரி நிறைந்தது. அத்தையின் பெயர் பாதியில் முறிந்து அடுத்த வரிக்கு இறங்கியது. அதன் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு இடம் தள்ளிப் போனார்கள். பத்தியின் ஓரம் கோணலாயிற்று. அவள் கைபட்டு வெளியான பக்கங்களில் ஓரம் கோணிய பக்கம் அது ஒன்றுதான். அவள் அதைச் சீர்செய்யாமல் அச்சுக்கு அனுப்பினாள். பிரிக்காத கட்டுகளாக வந்த பத்திரிகைகளைச் சொர்ணமும் பிரித்துப் பார்க்காமல் ஊருக்குக் கொடுத்தாள்.

மாங்கரையில் பத்திரிகையைப் பெற்றுக்கொள்கிறவர் எழுந்து நின்று, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாய்விட்டு வாசித்த பின்பே தட்டிலிருந்து வெற்றிலையை எடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மணமக்களுக்கு ஆகாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் வாசித்துக்கொண்டே வந்து, அந்தப் பெயரில் ஒரு கணம் நாக்கு இடறி, நிறுத்த வழியில்லாமல் அதையும் வாசித்து, மேலே போனார்கள். சம்பந்தி வீட்டிலும் அப்படியே நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒருமுறை செருமிவிட்டு, வாசித்து முடித்தார். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பெயர் உரக்கச் சொல்லப்பட, கட்டம் ஒவ்வொரு விரற்கடையாகச் சுருங்கியது.

அதை முதலில் கண்டுபிடித்தவை செங்கற்களே. களத்தின் நடுவே அவள் உட்கார்ந்திருந்தபோதே ஓர அடுக்கு கரைந்து சேறாயிற்று. மறுநாள் அதற்கடுத்த அடுக்கு. பத்திரிகை வாசித்த வீடுகளையும் கரைந்த அடுக்குகளையும் கூட்டிப் பார்த்த சங்கரலிங்கம் நான்கு பெரியவர்களை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கட்டம் சாலையின் அகலத்துக்குக் குறைந்திருந்ததால் எதிர்ச்சாரியில் நின்றே பேச முடிந்தது. சொர்ணமும் அவர்களுக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“தங்கச்சி, இந்த ஊரு ஒங்கள எப்படித் தாங்குது!”

“தூரத்துல இருந்து தாங்குது அண்ணாச்சி.”

“ஒரு பேரு. ஒரே ஒரு பேரு. அதை எடுத்துட்டு வேற அடிச்சுக் குடுத்திருவோம், செலவு என்னது. திரும்பவும் வீடுவீடா வாசிக்கச் சொல்லுதோம். பதிலுக்கு ஒங்களுக்குன்னு தனியா ஒரு முழுப்பக்கம். நடுவுல ஒங்க படம். ஒரு எழுத்து கிட்ட வராது.”

“அந்தப் பக்கத்துலதான அண்ணாச்சி ஆனியில இருந்து குடியிருக்கேன்.”

சங்கரலிங்கம் கெட்டவரில்லை; அவருடைய சூளையில் பல வீடுகளின் அடுப்பு எரிந்தது. அவர் குரலை இறக்கினார். “ஊருக்கு நல்லதுல்லா? மழைக்கு நாங்க என்ன செய்யது?”

“போன வருசம் என்ன செஞ்சியளோ அதச் செய்யுங்க.”

“தார்ப்பாய் வாங்கும் வே!” என்று தேநீர்க்கடையிலிருந்து பரமசிவத்தின் குரல் வந்தது, பெஞ்சு சிரித்தது. சொர்ணம் மட்டும் சிரிக்கவில்லை.

“எம் மக கல்யாணத்துல மானத்த வாங்காத அக்கா. எடுத்துரு.”

வடிவு தங்கையைப் பார்த்தாள். “மணவறை காவலுக்கு வருவேன், சொன்ன சொல்லு சொன்னதுதான்,” என்றாள். “பேரை எடுக்க மாட்டேன்.” பின்பு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்தே மழை. வடிவு முந்தின நாளே வந்து மணவறையின் அருகில் அமர்ந்திருந்தாள். கடைசிப் பத்திரிகைகளும் வாசிக்கப்பட்டுவிட்டதால் கட்டம் ஒரு கட்டிலின் அகலத்துக்கு வந்து அங்கேயே நின்றிருந்தது; காகிதத்தால் ஆகக்கூடியது அவ்வளவுதான் போலும். மணவறையின் இடப்பாதி உலர்ந்திருந்தது. வலப்பாதியில் சாமந்திச் சரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஆவுடை வந்து உட்கார்ந்தபோது உலர்ந்த பக்கத்துக்குப் போக முடியாமல் நனைந்த பலகையிலேயே உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவே கையெட்டாத தூரம் ஒன்று, ஒரு பாயைப்போல விரிந்து கிடந்தது.

மேளம் நெருங்கியது. “மாப்பிள்ளை வந்தாச்சு, பின்வாசலுக்குப் போ அக்கா,” என்று சொர்ணம் தூணோரமிருந்து கைகாட்டினாள். வடிவு எழுந்தாள். பின்வாசலுக்குப் போகும் வழியில், பெண்கள் சீர்த்தட்டுகளை ஏந்தி ஒருவர்பின் ஒருவராகத் தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். நனையாதிருக்கத் தலையில் முந்தானையைப் போர்த்தி, கண்ணைத் தட்டிலேயே வைத்து நடந்தார்கள். வாசற்பலகையில் எடுப்பார் இல்லாமல் ஒரு தாம்பாளம் மிச்சமிருந்தது: மஞ்சள் கிழங்கு, தேங்காய், ஒரு சீப்புப் பழம். வடிவு அதை எடுத்துக்கொண்டு, பின்வாசலுக்குத் திரும்பாமல், வரிசையை நோக்கி நடந்தாள்.

வரிசை வளைந்தது. முன்னால் போனவர்கள் இடப்பக்கமாக ஒதுங்கினார்கள், பின்னால் வந்தவர்கள் வலப்பக்கமாக. அவளைச் சுற்றி நான்கு மூலைகளோடு வெற்றுத் தரை தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் பின்வாங்குவாள்; பிறர் கால் இடறுவதைப் பார்க்கச் சகிக்காமல் தானே விலகிக்கொள்வாள். அது மரியாதை என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். இந்த முறை அவள் விலகவில்லை. முன்னால் போன பெண்ணின் முதுகைப் பார்த்தபடி, தாம்பாளத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, வரிசையில் தன்னுடைய இடம் இதுதான் என்று தீர்மானித்தவளாக நின்றாள். ஆவுடை மணவறையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். நாதசுரக்காரர் ஊதியதையே திரும்ப ஊதினார்.

மஞ்சள் கிழங்கின்மேல் ஒரு துளி விழுந்தது.

வடிவு அதைப் பார்த்தாள். இன்னொரு துளி அவளுடைய புறங்கையில் விழுந்தது, குளிர்ந்திருந்தது. ஆனிக்குப் பிறகு அவள்மீது வந்து பட்ட முதற்பொருள் அதுதான். இடப்பாதி மணவறையின் உலர்ந்த பூக்களில் மழை சடசடவென்று இறங்கும் ஓசையும், ஐயோ பூ என்று யாரோ அலறுவதும் அவளுக்குக் கேட்டன.

“ஏ, முன்னால யாரு நிக்கது?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சியம்மாள். போர்த்திய முந்தானைக்குள் அவளுக்குத் தன் தட்டின் தேங்காயைத் தவிர எதுவும் தெரியவில்லை. “நல்ல நேரத்துல நந்தி மாதிரி நின்னா எப்படி? கை கடுக்குது. நவுளுங்கட்டீ!”

ஒரு கனத்த தாம்பாளத்தின் விளிம்பு செண்பகவடிவின் முதுகில், தோளெலும்புக்குக் கீழே, நன்றாக இடித்தது. வலித்தது. அவள் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.